எஞ்சின் சூடாகும் நேரம்

பிரபின்: ...நீ முதல்ல ஏறு. கதவ அடை. உள்ள இருந்து பேசலாம்.

ஆர்ஷா: என்ன சேட்டா, ஷட்டர பாதிக்கு இறக்கிப் போட்டிருக்கீங்க? ஷெட்டே இருட்டிக் கெடக்கு.

பிரபின்: பின்ன? பக்கத்து வீட்டு அனிலண்ணன் நேத்தும் மதிலுக்கு மேல தலைய நீட்டிட்டாரு. "பிரபினே, ஒனக்க வண்டிப் பொகை எங்க அடுக்களைக்குள்ள வருதே"ன்னு.

ஆர்ஷா: அவருக்க மூக்கு அப்படி. நாம மத்தி பொரிச்சாலும் அவருக்குத்தான் முதல்ல தெரியும்.

பிரபின்: இரு, ஸ்டார்ட் பண்ணுகேன்... ம்... வா மோளே... இன்னும் ஒருக்கா... வா...

ஆர்ஷா: என்னைய ஒரு நாளாவது இப்படிக் கொஞ்சியிருக்கீங்களா?

பிரபின்: ஒன்ன ஸ்டார்ட் பண்ண கஷ்டமே இல்ல. ஆஃப் பண்ணத்தான் எனக்குத் தெரியாது.

ஆர்ஷா: ஆ, பிடிச்சிட்டு. அய்யோ, என்ன சத்தம்!

பிரபின்: என்னது?

ஆர்ஷா: என்ன சத்தம்னு சொன்னேன்!

பிரபின்: சத்தம் இருக்கட்டு. சத்தம் இருந்தாத்தான நாம பேசுறது அப்பாக்குக் கேக்காது.

ஆர்ஷா: உங்க பக்கத்துக் கண்ணாடிய இறக்குங்க. எனக்குத் தல வலிக்குது.

பிரபின்: காலைலேயா?

ஆர்ஷா: தெனமும் காலைலதான். கடைக்குப் போயி ஒரு சாயா குடிச்சாத்தான் தெளியும்... மாமாகிட்ட என்ன சொன்னீங்க?

பிரபின்: எப்பமும் சொல்லுகதுதான். "தணுப்பு காலம்பா, எஞ்சின் சூடாகட்டு, பொறவு போவோம்"னு சொன்னேன். அவரும் எப்பமும் போல "சூடாக்கு மக்ளே, நல்லா சூடாக்கு"ன்னாரு.

ஆர்ஷா: திருவனந்தபுரத்துல தணுப்பு! கேக்கிறவங்க சிரிப்பாங்க.

பிரபின்: மார்கழில்லா. கொஞ்சம் தணுப்பு உண்டு.

ஆர்ஷா: எனக்கு வேர்க்குது.

பிரபின்: ஒனக்கு எப்பம்தான் வேர்க்கல்ல?

ஆர்ஷா: விளையாடாதீங்க. இன்னைக்கு விளையாட எனக்கு மனசே இல்ல.

பிரபின்: எனக்கு மட்டும் இருக்கா? சும்மா வாய் அடிச்சிட்டு இருக்கேன். வாய நிறுத்துனா அழுகை வரும்போல இருக்கு.

ஆர்ஷா: நேத்து மாமா பையெல்லாம் அவரே எடுத்து வச்சாரு. என்னையத் தொடவே விடல்ல.

பிரபின்: பொன்முடின்னு சொன்னதுல அவ்வளவு சந்தோசம். அவரு ஜீப்பு ஓட்டுன எடமல்லே. எஸ்டேட்டு, லயத்து வீடு, வளைவு ரோடு... "போற வழில ஒரு எடத்துல இறங்கிட்டுப் போவோம்பா"ன்னு சொல்லியிருக்கேன்.

ஆர்ஷா: அந்த ஒரு எடத்துல இறக்கிட்டு நாம திரும்பி வந்திருவோம்.

பிரபின்: எடீ, அப்படிச் சொல்லாத.

ஆர்ஷா: பின்ன எப்படிச் சொல்லணும்? விதுரையில உள்ள வயசானவங்க வீட்டுக்குக் கொண்டு விடப் போறோம். பொன்முடின்னு பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போறோம். அதுக்கு வேற பேரு உண்டா?

பிரபின்: பைய பேசு.

ஆர்ஷா: பைய பேசுனா உங்களுக்குக் கேக்காது.

பிரபின்: எனக்கு வேற வழி தெரியல்ல ஆர்ஷா. நீ ஜவுளிக்கடைக்கு, நான் விழிஞ்ஞத்து ஆபீஸுக்கு. வீட்டுல யாரு? அன்னைக்குக் கேஸத் திறந்து விட்டுட்டுத் தீப்பெட்டி தேடிட்டு நின்னாரே. நான் ஒரு நிமிசம் பிந்தி அடுக்களைக்குப் போயிருந்தா?

ஆர்ஷா: தெரியும்.

பிரபின்: சட்டைக்க கையில காலை விட்டுட்டு நிக்காரு. ஒன்ன கோமதின்னு விளிக்காரு. எங்க அம்மா போயிச் சேந்தது அவருக்கு ஓர்மையே இல்ல.

ஆர்ஷா: அதெல்லாம் காலைல மட்டும்தான் சேட்டா! மத்தியானம் ஆனா ஆளே வேற. முக்குல இருந்து சீட்டு வெளையாடி அத்தன பேரையும் தோக்கடிக்காரு.

பிரபின்: டாக்டரும் சொன்னாரல்லே? மறதி நோய் ஆரம்பத்துல அப்படித்தான். வரும், போகும்.

ஆர்ஷா: உங்க அக்கா லிபி வீட்டுல நின்னப்பம் ஒருநாள்கூட வரல்லியே. காலைல எந்திரிச்சு மார்த்தாண்டம் சந்தைக்குப் போயி மீன் வாங்கிட்டு வந்தாராம். மகள் வீட்டுல நல்லா இருக்காரு. மருமகள் வீட்டுலதான் கோளாறு.

பிரபின்: யாராவது ஒன்னக் குத்தம் சொன்னாங்களா?

ஆர்ஷா: யாரும் சொல்லாண்டாம். எனக்கே தோணுது.

பிரபின்: அக்காவுக்க மாமியாரு கெடையில கெடக்காங்க. அங்க இவரையும் எப்படி நிரந்தரமா வைக்க?

ஆர்ஷா: அங்க வைக்கச் சொல்லல்ல... அந்தக் கிளிகள நெனச்சுப் பாத்தேன்.

பிரபின்: எந்தக் கிளி?

ஆர்ஷா: மாமா அவருக்க ரூமுல வளத்த லவ்பேர்ட்ஸ். ரெண்டும் ஒண்ணா செத்துக் கெடந்துதே. தீனி போட மறந்துட்டாருன்னு நீங்க சத்தம் போட்டீங்க. ஆனா கூட்ட கழுவினது நானாக்கும். கிண்ணத்துல தென நெறஞ்சு இருந்துது. தண்ணியும் இருந்துது.

பிரபின்: அப்பம் வேற சீக்கு. கிளிக்குச் சீக்கு வராதா?

ஆர்ஷா: சேட்டா.

பிரபின்: ம்?

ஆர்ஷா: வேண்டாம்.

பிரபின்: என்னது?

ஆர்ஷா: மாமா இங்கயே இருக்கட்டு.

பிரபின்: கேக்கல்ல!

ஆர்ஷா: மாமா இங்கயே இருக்கட்டுன்னு சொன்னேன்! நான் வேலைய விட்டுருகேன்! போதுமா? தொண்ட கிழியக் கத்தணுமா?

பிரபின்: இப்பமா சொல்லுவ? அங்க எல்லாம் பேசி வச்சிருக்கு. உச்சைக்கு முன்ன வரணும்னு நேத்து ராத்திரியும் விளிச்சாங்க.

ஆர்ஷா: விளிச்சா என்ன? வரல்லன்னு சொல்லுங்க.

பிரபின்: தெனமும் இதே காருக்குள்ள இருந்து, அழுது, சண்ட போட்டு, ரெண்டுபேரும் சேந்துதான முடிவு பண்ணோம்? ஏறி உக்கார நேரத்துல மாத்தாத ஆர்ஷா. எனக்கு பெலன் இல்ல. போ... போயி அப்பாவக் கூட்டிட்டு வா.

ஆர்ஷா: நீங்க போங்க.

பிரபின்: எனக்கு அவருக்க மொகத்தப் பாக்க முடியாது. நீ போ.

ஆர்ஷா: எனக்கு மட்டும் முடியுமாக்கும்... மாமா... மாமா, கெளம்பலாமா? கதவத் தள்ளுகேன், கேட்டியளா... மாமா?... சேட்டா! சேட்டா, ஓடி வாங்க!

பிரபின்: என்னது? இங்க ஒண்ணும் கேக்கல்ல!

ஆர்ஷா: எஞ்சின ஆஃப் பண்ணிட்டு ஓடி வாங்க! மாமா கீழ கெடக்காரு!

பிரபின்: ஈஸ்வரா... அப்பா! அப்பா, கண்ணத் தொறங்க. அப்பா! எப்படி விழுந்தாரு?

ஆர்ஷா: தெரியாது. நான் வரும்போ ஸ்டூலு சரிஞ்சு கெடந்துது. மேல் சட்டை ஜன்னல் கம்பில மாட்டி... நான்தான் விடுவிச்சேன்.

பிரபின்: எந்த ஜன்னலு?

ஆர்ஷா: இதுதான். ஷெட்டுப் பக்கம் உள்ளது.

பிரபின்: இது எப்பமும் கொண்டி போட்டுல்லா கெடக்கும்? யாரு திறந்தது?

ஆர்ஷா: யாரு திறப்பா? இந்த ரூமுல வேற யாரு இருக்கா? சேட்டா... நீங்க மோந்து பாருங்க. ரூமு முழுக்க பொகை.

பிரபின்: என்ன பொகை?

ஆர்ஷா: நம்ம காருக்க பொகை! நேரே கீழ பாருங்க. சைலன்ஸர் இந்த ஜன்னலுக்குக் கீழல்லா நிக்குது! ஷட்டரயும் இறக்கி வச்சிட்டோம்... அது வேற எங்க போகும்?

பிரபின்: நம்ம வண்டியா...

ஆர்ஷா: மலச்சு நிக்காதீங்க! காலைப் பிடிங்க. நான் தோளப் பிடிக்கேன். முற்றத்துக்குக் கொண்டு போவோம். காத்து வேணும்.

பிரபின்: மூச்சு இருக்கா? எனக்குத் தெரிய மாட்டேங்குது. இருக்கா ஆர்ஷா?

ஆர்ஷா: இருக்கு. இருக்கு சேட்டா. நெஞ்சு ஏறி இறங்குது. தூக்குங்க... படி பாத்து... பைய...

பிரபின்: அனிலண்ணா! அனிலண்ணா! ஓடி வாங்க!

ஆர்ஷா: மாமா, என்னையப் பாருங்க. நான் ஆர்ஷா. மாமா...

வேலாயுதன்: கோ... கோமதி...

ஆர்ஷா: ஆமா மாமா, கோமதிதான். யாரா இருந்தாலும் செரி. கண்ண மட்டும் மூடாதீங்க.

பிரபின்: வண்டிய எடுக்கேன். பின்சீட்டுல கெடத்து.

ஆர்ஷா: அந்தக் கார் வேண்டாம்!

பிரபின்: என்ன பைத்தியமா ஒனக்கு? ஆஸ்பத்திரிக்குப் போகாண்டாமா?

ஆர்ஷா: அந்தக் கார்ல மாமாவ ஏத்தாதீங்கன்னு சொன்னேன்! அனிலண்ணன் ஆட்டோவ எடுத்துட்டு வாறாரு. அதுல போவோம். எடுங்க, அந்தப் பையையும் எடுங்க.

*

ஆர்ஷா: ...டாக்டர் என்ன சொன்னாரு? ஏன் இப்படி வெளுத்துப் போயி நிக்கீங்க? சொல்லுங்க சேட்டா.

பிரபின்: பொழைச்சுக்குவாரு.

ஆர்ஷா: சாமி... பின்ன எதுக்கு அழுறீங்க?

பிரபின்: ரத்தத்துல அந்த வெசவாயு இருக்காம். கார்பன் மோனாக்ஸைடு. எஞ்சின் பொகைல உள்ளது. கண்ணுக்குத் தெரியாதாம், மணமும் கெடையாதாம். நாம பாத்த பொகை ஒண்ணுமே இல்லியாம். பாக்காததுதான் கொல்லுமாம்.

ஆர்ஷா: இன்னைக்கு மட்டுமா?

பிரபின்: "காலைல மட்டும் தல சுத்தலு, வாந்தி, பேச்சு மாறுறது, ஆளு தெரியாமப் போறது... இப்படி ஏதாவது உண்டா?"ன்னு டாக்டர் கேட்டாரு. நான் சொல்லாமலே ஒவ்வொண்ணா அவரே சொன்னாரு. "மத்தியானம் தெளிஞ்சிருவாரோ?"ன்னாரு. "வேற எங்கயாவது போயி நின்னா நல்லா இருப்பாரோ?"ன்னாரு.

ஆர்ஷா: மார்த்தாண்டம்.

பிரபின்: நாம எப்பமும் டாக்டர்கிட்ட சாயங்காலமாத்தான கூட்டிட்டுப் போனோம், வேலை முடிஞ்சு? அதுக்குள்ள ரத்தத்துல இருந்து எல்லாம் போயிருக்குமாம். அதனால யாருக்கும் பிடி கிடைக்கல்ல.

ஆர்ஷா: அப்பம் மறதி நோய்...

பிரபின்: "அது உண்டா இல்லியான்னு பொறவு பாப்போம், முதல்ல அந்த வண்டிய வெளிய நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டாரு. நான்தான் ஆர்ஷா. தெனமும் காலைல எனக்க கையால சாவியத் திருப்பி...

ஆர்ஷா: நானும்தான பக்கத்துல இருந்தேன். கிளி செத்தும் எனக்குப் புத்தி வரல்லியே. எனக்கே தல வலிச்சுதே சேட்டா. தெனமும் வலிச்சுதே!

பிரபின்: நோய நாமளே குடுத்துட்டு, நோய் வந்துட்டுன்னு கொண்டு விடப் பாத்தோம்.

ஆர்ஷா: அழாதீங்க. கண்ணத் தொடைங்க. மாமா முழிச்சுப் பாக்காரு. வாங்க.

*

வேலாயுதன்: எந்தா, ரெண்டுபேரும் மொகத்த இப்படி வச்சிட்டு நிக்கீங்க? நான் இன்னும் சாகல்ல.

பிரபின்: அப்பா, மூக்குல வச்சிருக்கத கழட்டாதீங்க.

வேலாயுதன்: மாட்டுக்கு வாக்கூடு கட்டுன மாதிரி இருக்கு. இத வச்சிட்டு எப்படிலே பேச?

ஆர்ஷா: மாமா, நான் யாரு?

வேலாயுதன்: நீயா? எனக்க மகன ஆட்டி வைக்கிற ஆர்ஷா.

ஆர்ஷா: அய்யோ மாமா...

வேலாயுதன்: சிரிக்கியா, அழுகியா? ஏதாவது ஒண்ணு செய்யி.

பிரபின்: அப்பா, அந்த ஜன்னல எதுக்குத் திறந்தீங்க?

வேலாயுதன்: எந்த ஜன்னலு?

பிரபின்: ஷெட்டுப் பக்கம் உள்ளது. ஸ்டூல் போட்டு ஏறித் திறந்திருக்கீங்க. இன்னைக்கு மட்டுமில்ல, தெனமும் திறந்திருக்கீங்க. கொண்டில துருவே இல்ல.

வேலாயுதன்: காத்து வரட்டுன்னு திறந்தேன்.

ஆர்ஷா: கார் ஷெட்டுல இருந்து என்ன காத்து மாமா?

வேலாயுதன்: பின்ன எஞ்சின் சத்தம் கேக்க. வண்டி ஓட்டுனவனுக்கு அது ஒரு ரசம். ஒனக்கு என்ன தெரியும்?

பிரபின்: அந்த வண்டிச் சத்தம் ஜன்னல அடைச்சாலும் கேக்கும்பா. அனிலண்ணனுக்கே கேக்கும்.

வேலாயுதன்: விடு மக்ளே. போலீஸ்காரன் மாதிரி கேக்காத.

ஆர்ஷா: பொகை மூக்குல ஏறுமே. தல சுத்துமே. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமா?

வேலாயுதன்: பொகைலதான் பாதி வயசு போச்சு. பொகையக் கண்டு பேடிக்கவா? தல சுத்துகது வயசுக்க கோளாறுன்னு நெனச்சேன்... ஒனக்க போனு அடிக்குது பாரு.

பிரபின்: அது... ஆபீஸ்ல இருந்து. பொறவு பேசிக்கலாம்.

வேலாயுதன்: எடுத்துப் பேசு.

பிரபின்: அவசரம் ஒண்ணும் இல்லப்பா.

வேலாயுதன்: எடு மக்ளே. விதுரையில காத்துட்டு இருப்பாங்க. உச்சைக்கு முன்ன வரணும்னு சொன்னவங்கல்லா.

ஆர்ஷா: மாமா...

பிரபின்: ...அப்பா, உங்களுக்கு... யாரு சொன்னா?

வேலாயுதன்: யாரும் சொல்லல்ல. ஆர்ஷா, அந்தப் பைய இங்க வை. திறக்காண்டாம்.

ஆர்ஷா: நான் அப்பமே திறந்துட்டேன். மாத்திக் கட்ட வேட்டி எடுக்க. சேட்டா, நீங்களே பாருங்க. பொன்முடிக்குப் போறவரு ஸ்வெட்டர் எடுக்கல்ல. மப்ளர் எடுக்கல்ல. தட்டு எடுத்து வச்சிருக்காரு. டம்ளர். தலகாணி உறை. அவருக்க துணி மொத்தமும்... அத்தைக்க போட்டோ.

பிரபின்: அப்பா!

வேலாயுதன்: அங்க தட்டும் டம்ளரும் நாமதான் கொண்டு போகணுமாம். நீதானலே சொன்ன? திங்கக்கிழமையோ, செவ்வாக்கிழமையோ... இவகிட்ட சொல்லிட்டு இருந்த.

பிரபின்: நாங்க காருக்குள்ள இருந்துதான... எஞ்சின் ஓடும்போல்லா பேசுனோம்.

வேலாயுதன்: எஞ்சின் ஓடுனா கேக்காதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? உள்ள இருக்கிறவன் அந்தச் சத்தத்துக்கு மேல கத்துவான். கத்துகது அவனுக்கே தெரியாது. ஜீப்புல எனக்குப் பின்னாடி இருந்து மேனேஜர்மாரு ரகசியம் பேசுவாங்க. எஸ்டேட்டுல யாருக்கு வேலை போகப்போகுதுன்னு அவங்களுக்கு முன்ன எனக்கல்லா தெரியும்!

ஆர்ஷா: நாங்க பேசுனது எல்லாம் கேட்டீங்களா மாமா?

வேலாயுதன்: வீட்டுக்குள்ள பேசுனா ஒண்ணும் கேக்கல்லியே. நான் வந்தா ரெண்டுபேரும் வாய மூடிருவீங்க. முன்னல்லாம் காருக்குள்ள இருந்து சிரிப்பீங்க. இவன் ஏதாவது சொல்லுவான், நீ "சீ, போங்க"ன்னு கத்துவ. கோமதி போன பொறவு அந்த வீட்டுல சிரிப்புச் சத்தம் கேட்டது அதுக்குள்ள இருந்துதான். அதைக் கேக்கத்தான் முதல்ல ஜன்னல திறந்தேன்.

பிரபின்: எஞ்சின் சூடாக்குகேன்னு நான் சொன்னது...

வேலாயுதன்: லேய், பொன்முடில பனி இறங்குற காலைல ஜீப்பு சூடாக்குனவன் நான். இரும்பத் தொட்டா கை மரத்துப் போகும், அங்க சூடாக்கணும். இந்த ஊருல எதுக்குலே அவ்வளவு நேரம்? நீங்க பேசத்தான் போறீங்கன்னு எனக்குத் தெரியாதா? பெண்டாட்டியும் புருசனும் பேச அந்த வீட்டுல வேற எடம் ஏது? "நல்லா சூடாக்கு மக்ளே"ன்னு அதுக்குத்தான் சொன்னேன்.

பிரபின்: பொறவு... எங்க பேச்சு மாறுன பொறவு? உங்களக் கொண்டு விடுற பேச்சு வந்த பொறவு? அப்பமாவது அந்த ஜன்னல அடைச்சிருக்கலாமேப்பா! அதையும் ஏறி நின்னு கேக்கணுமா? எதுக்கு?

வேலாயுதன்: ரெண்டுபேருல ஒருத்தராவது ஒருநாள் "வேண்டாம், அவரு இங்கயே இருக்கட்டு"ன்னு சொல்லுவீங்கன்னு... அந்த நேரத்துல ஜன்னல் அடைச்சுக் கெடந்தா எனக்குத் தெரியாமப் போயிருமே மக்ளே.

ஆர்ஷா: நான் சொன்னேன் மாமா! இன்னைக்குச் சொன்னேன். தொண்ட கிழியக் கத்திச் சொன்னேன். சேட்டா, சொல்லுங்க. நான் சொன்னேன்லா?

பிரபின்: சொன்னாப்பா. சத்தியமா சொன்னா. நான்தான்... நான்தான் கேக்கல்ல.

வேலாயுதன்: சொன்னியா? அதுக்கு முன்ன நான் விழுந்துட்டேன் போல இருக்கு... இன்னொருக்கா சொல்லு மக்ளே. இங்க எஞ்சின் ஓடல்ல, பைய சொன்னாலே கேக்கும்.